காயட்டும் காக்காவும் ஒரு கப் பொசெய்னும்

ஒரே ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் ஆயுள் முழுக்கக் காலம் தள்ள முடியுமா? முடியும். யாங்கோன் நகரின் நடுவே, ஆற்றைப் பார்த்து நீளும் எங்கள் தெருவில் ஒருவர் தள்ளினார். அந்த வார்த்தை ‘காயட்டும்’. பெயின்ட் அடிக்கிறவர் வாயில் அது வருவதில் என்ன அதிசயம் என்பீர்கள். சாப்பிட்டாச்சா என்று கேட்டாலும் அவர் காயட்டும் என்பார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாச்சா என்று கேட்டாலும் காயட்டும். தெருவில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றால் நடுவில் புகுந்து, இரண்டு பேர் மார்பிலும் தட்டிக்கொடுத்து, “காயட்டும்பா, காயட்டும்” என்பார். அவருடைய நிக்காஹ்வில் சம்மதமா என்று கேட்டபோதும் இதையே சொன்னார் என்றும், பெண் வீட்டார் எழுந்து செருப்பைத் தேடினார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. நான் அதை முழுமனதாக நம்புகிறேன்.

அவருடைய வாப்பா வைத்த பெயர் என்னவென்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. காக்கா என்றால் அவர் ஜனங்கள் வழக்கில் அண்ணன்; காயட்டும் காக்கா என்றால் தபால்காரருக்குக்கூடத் தெரியும். ஏணியே தேவைப்படாத உயரம். ஆனாலும் ஏணி இல்லாமல் எங்கும் போகமாட்டார். அதன் உச்சியில் உட்கார்ந்து பால்கனி வழியாகத் தெருவை வேடிக்கை பார்ப்பது அவருடைய தொழிலில் முக்கால் பங்கு. இடுப்பில் ஒரு கைலி. அது வாங்கும்போது கட்டம் போட்டதா, கோடு போட்டதா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. அடித்த ஒவ்வொரு வீட்டின் நிறமும் அதில் ஒரு திட்டாக இருந்தது. பழைய சுவரில் ஒட்டுப்போட வேண்டுமென்று யாராவது கேட்டால், நின்ற இடத்தில் கைலியைச் சுழற்றித் தேடி எடுப்பார்.

ஒருமுறை இரண்டாம் மாடி டோ ஸான் தன் சமையலறைச் சுவரில் ஒரு சின்ன ஒட்டு வேண்டுமென்று வந்தார். டோ என்பது இங்கே வயதான பெண்களுக்கு நாங்கள் கொடுக்கும் மரியாதை. கொஞ்சம் கண்டிப்பான அம்மாள். காக்கா முன்பக்கம் தேடினார், இடது பக்கம் தேடினார், வலது பக்கம் தேடினார். கடைசியில் முகம் மலர்ந்து, “கெடச்சிருச்சு. அது பின்னால இருக்கு. எனக்குத் தெரியாது, நீங்களே குனிஞ்சு பாத்துச் சொல்லுங்க” என்று திரும்பி நின்றார். டோ ஸான், “அமலே!” என்று, நம் ‘ஐயோ அம்மா’வை இந்த ஊர்ப் பாஷையில் அலறி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு ஓடினார். அடுத்த வாரம் சமையலறை முழுவதற்கும் புதிய நிறம் அடித்துக்கொண்டார்.

எங்கள் கட்டடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் காலத்து மாளிகை. மரப்படிக்கட்டு, இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே கூரை, பால்கனியில் பூப்போட்ட இரும்புக் கிராதி. கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்க வாசலில் வந்து நிற்பார்கள். பாரம்பரியக் கட்டடம் என்று வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்து உருகுவார்கள். உள்ளே இருக்கிற எங்களுக்கு அது ஒழுகும். வெளிச்சுவரில் ஆலங்கன்று முளைத்திருக்கிறது. உள்சுவரில் பாசி. ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும், கீழ் நுனியில் ஒரு கிளிப், மேல் நுனியில் ஒரு மணி. கீழேயிருந்து இழுத்து மணியடித்தால் மேலே நாங்கள் கயிற்றை இழுப்போம். பேப்பரோ கீரையோ மேலே வரும்.

அந்தக் கயிற்றில்தான் காக்காவின் தொழில் ரகசியம் ஏறி வரும். ரகசியம் என்ன ரகசியம், டீதான். கட்டடத்தின் அடியில் ஊ மியா என்கிற பெரியவரின் டீக்கடை. இந்த ஊரில் டீ என்று சும்மா கேட்டுவிட முடியாது. சாயம் குறைத்துப் பால் தூக்கலாக இருந்தால் பொசெய்ன். சாயம் தூக்கலாக, நாக்கில் லேசாகக் கசந்தால் ச்சாசெய்ன். இன்னும் ஏழெட்டு வகை உண்டு. அதற்குள் போனால் இந்தக் கட்டுரை முடியாது. காக்கா கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் வண்ண அட்டையைத் திரும்பியும் பார்க்கமாட்டார். “அட்டை வெயில்ல வெளுத்துப் போவும், டீ வெளுக்காது” என்பார். பால்கனியில் நின்று, இங்கே கடைக்காரரைக் கூப்பிடுகிற வழக்கப்படி, உதட்டைக் குவித்து முத்தம் கொடுப்பதுபோல ஒரு சத்தம் எழுப்புவார். காலி பெயின்ட் டப்பாவுக்குள் ஒரு கப் டீ வைத்துக் கயிற்றில் ஏறி வரும். கப்பைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, அதே நிறத்துக்கு பெயின்டைக் கலப்பார். பிறகு மாதிரியைக் குடித்துவிடுவார்.

அவருக்கு ஒரு சட்டமும் உண்டு. சுவர் காயும்வரை அந்த வீட்டில் பெயின்டருக்கு உரிமை இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் வரலாம், கட்டைவிரலால் சுவரைத் தொட்டுப் பார்க்கலாம், அப்படியே உட்கார்ந்து ஒரு டீ குடித்து ஊர்க்கதை பேசலாம். காய்ந்துவிட்டால் சலாம் சொல்லிவிட்டுப் போய்விட வேண்டும். “காஞ்ச சுவத்துல பெயின்டருக்கு என்னம்மா வேலை?” என்பார். அதற்கப்புறம் அந்த வீட்டில் விருந்துக்குக் கூப்பிட்டாலும் வாசலோடு நின்று வாழ்த்திவிட்டுத் திரும்பிவிடுவார். யாங்கோனில் வருஷத்தில் பாதி மழை என்பதால் அவருக்குப் போக்கிடத்துக்குக் குறைவே இல்லை.

இப்போது என் தம்பி கதைக்கு வருகிறேன். சேகருக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் வேலை. நாற்பதைத் தாண்டிவிட்டான், கல்யாணம் ஆகவில்லை. பெண் கிடைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பெண் எதிரில் வந்தால் இவனுக்கு வாய் கிடைக்காது. ஒரு பெண் வீட்டில் இவனைப் பார்த்துவிட்டு, “பையன் ஊமையா?” என்று தரகரிடம் தனியாகக் கேட்டார்கள். இவனுக்குச் சமைத்துப்போட்டே எனக்குத் தலை நரைத்துவிட்டது. எனக்கப்புறம் இவன் யாரிடம் உப்பு கேட்பான்?

அந்த நேரத்தில்தான் தரகர் சொன்ன வரனாக, நகரின் இன்னொரு பகுதியான தின்கன்ஜூனிலிருந்து மல்லிகா டீச்சர் வந்தாள். ஸ்கூல் டீச்சர், கண்ணாடி, வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிற ரகம். அம்மாவோடு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவள் இருட்டில் படியேறும்போது சுவரைப் பிடித்திருக்கிறாள். உள்ளங்கை முழுக்கப் பாசி. அதை நிதானமாகக் கைக்குட்டையில் துடைத்தாள். ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தாள். எங்கள் ஹால் ரயில் பெட்டி மாதிரி நீளம், ஜன்னல் ஒரு நுனியில் மட்டும்தான்.

“வீடு பெருசா இருக்கு, காத்து வருது. எல்லாம் சரி” என்றாள். “ஆனா நான் தினம் ஒரு கட்டு நோட்டுத் திருத்துறவ. இந்த இருட்டுல செவப்பு மையே கறுப்பாத் தெரியுது. புள்ளைங்க பாஸா ஃபெயிலான்னு எப்டிக் கண்டுபிடிக்கும்?”

“மல்லிகா!” என்று அவள் அம்மா தொடையில் கிள்ளினார்.

“இல்லம்மா, இப்பவே சொல்லிடறது நல்லது. கொஞ்சம் வெளிச்சமாக்குங்க. ஆடி முடிஞ்சதும் ஆவணி மொத ஞாயித்துக்கெழம வர்றோம். பாத்துட்டு இங்கேயே பதில் சொல்லிடறேன்.”

அவர்கள் படியிறங்கிப் போன பிறகு சேகர் என் முன்னால் வந்து நின்றான். தொண்டையைச் செருமினான். “அக்கா, வெள்ளை அடிச்சிரலாமா?” என்றான். அவன் தானாக ஒரு பேச்சை ஆரம்பித்து நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்தப் பெண்ணை விட்டால் இவனுக்கு வேறு விமோசனமே இல்லை என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

இங்கே எங்கள் ஜனங்களின் புத்திசாலித்தனத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆடியில் நல்ல காரியம் வைக்கக்கூடாது, ஆகவே வீட்டு வேலைகளை ஆடியில் முடித்துக்கொள்வது எங்கள் வழக்கம். துறைமுகத்தில் மூட்டை இறக்க வந்த எங்கள் தாத்தா கப்பலில் தன் மூட்டையோடு கொண்டுவந்த வழக்கம் அது. அங்கே, தாத்தாவின் ஊரில், ஆடியில் காற்று பிய்த்துக்கொண்டு போகும், சுவர் கண் மூடித் திறப்பதற்குள் காயும். யாங்கோனில் ஆடி மாதம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். உப்பு ஜாடி குளமாகும். அலமாரிக்குள் இருக்கிற செருப்புக்கு மீசை முளைக்கும். தலைமுறை தலைமுறையாக இது எங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தலைமுறை தலைமுறையாக ஆடியில்தான் வெள்ளையடிக்கிறோம். டோ ஸான் வருஷா வருஷம் படியில் நின்று சிரிப்பார்.

“காக்கா, ஆடியில வேலையை முடிச்சுக் குடுக்கணும்” என்றேன்.

அவர் முகம் அப்படியே பூத்தது. “ஆடியிலயா? ரொம்ப நல்லது தங்கச்சி!” என்றார். ஈரத்தில் நாலைந்து மாதத்துக்கு உரிமை கிடைக்கப் போகிறதே!

“ஆவணி மொத ஞாயித்துக்கெழம பொண்ணு வீட்டுலேர்ந்து வர்றாங்க. அதுக்குள்ள ஹால் பளிச்சுன்னு ஆகலைன்னா சேகர் கல்யாணம் அவ்வளவுதான். புரியுதா?”

“இன்ஷா அல்லா, ஆயிரும். காயட்டும்.”

“இன்னும் அடிக்கவே இல்லையே, என்ன காயட்டும்?”

“அடிச்சதும் காயட்டும்னு சொன்னேன்.”

முதல் நாள் முழுக்க ஹால் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், வெளிச்சம் எந்த வழியாக வருகிறது என்று பார்க்கிறாராம். அன்றைக்கு மழையில் வெளிச்சம் வரவே இல்லை. மறுநாளும் அதற்காகக் காத்திருந்தார். வேறு ஆளாக இருந்தால் ஏணியோடு வெளியே தள்ளியிருப்பேன். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் ஆனாதே என்று ஒன்று சொல்வார்கள், எதிராளி மனசு நோகுமோ என்கிற கூச்சம். இந்த ஊர்த் தண்ணீரோடு அது எங்களுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று வேளையும் டீ சொன்னேன்.

ஒருவழியாகச் சுரண்ட ஆரம்பித்தார். மேலே பச்சை வந்தது. அதை உரித்தால் உள்ளே நீலம். நீலத்தைப் பார்த்ததும் காக்காவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

“எந்த மடையன் தங்கச்சி இதை அடிச்சான்? பட்டியும் பாக்கல, உப்புத்தாளும் தேய்க்கல. தோல் மாதிரி உரியுது பாருங்க. இவனெல்லாம் பிரஷ்ஷைப் புடிக்கலாமா?”

“நீங்கதான் காக்கா. எங்கம்மா இருந்தப்ப அடிச்சீங்க.”

காக்கா ஏணியில் ஒரு படி இறங்கினார். பிறகு அந்த நீலத்தை அன்போடு தடவிக்கொடுத்து, “அப்ப சரியாக் காயல” என்றார்.

வெளிச்சத்துக்கு எது நல்லது என்று யோசித்துப் பொசெய்ன் நிறம் என்று முடிவானது. ஊ மியாவின் கடையில் கோ பியூ என்று ஒரு டீ மாஸ்டர். அவர் போடும் பொசெய்ன் ஒரு நாள் மாதிரியே மறுநாளும் இருக்கும், சந்தன வெளுப்பு. காக்கா அவரைக் கம்பெனி என்றே கூப்பிடுவார். முதல் வாளி அருமையாகக் கலந்து வந்தது. ஜன்னல் பக்கம் அடித்தபோது ஹாலே ஒரு பல்பு போட்டதுபோல ஆனது. ஒரே ஒரு தகராறுதான். காக்காவின் இடது கையில் டீ கப், வலது கையில் பிரஷ், ஏணியில் பெயின்ட் டப்பா. பேச்சு சுவாரசியத்தில் பிரஷ்ஷை டீயில் முக்கிச் சுவரில் நீளமாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். இரண்டும் ஒரே நிறம்; அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. எறும்புகளுக்குத் தெரிந்தது. மறுநாள் காலையில் ஹால் சுவரில், ஸ்கேல் வைத்த மாதிரி நேராக, ஓர் எறும்பு வரிசை இந்த நுனியிலிருந்து அந்த நுனிக்கு நின்றுகொண்டிருந்தது. பட்டியெல்லாம் சுரண்டி மறுபடி அடித்தார்.

பிறகு காய வேண்டுமே! மின்விசிறியைப் போடலாம் என்றால் கரண்ட் நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும். கரி அடுப்பை மூட்டி வைத்தோம்; புகை படிந்ததுதான் மிச்சம். அப்போதுதான் என் தம்பி ஒரு காரியம் செய்தான். ஆபீஸ் போகுமுன் ஒரு பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு சுவர் முன்னால் நின்று விசிற ஆரம்பித்தான். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். பேச்சு மூச்சு இல்லை. தினமும் இதே வேலை. எதிர்வீட்டு பால்கனியில் அவனைப் பார்த்தவர்கள், சேகருக்கு மூளை கலங்கிவிட்டது, சுவருக்குப் பணிவிடை செய்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். “சேகரு, மெதுவா, மெதுவா. சுவத்துக்கு சளி புடிச்சிரும்” என்று காக்கா ஏணியிலிருந்து கேலி செய்வார். அவன் காதிலேயே வாங்கமாட்டான்.

ஆடியின் கடைசி வெள்ளி. ஹாலில் ஜன்னல் பக்கத்துப் பாதி முடிந்திருந்தது. முதல் வாளி தீர்ந்தது. காக்கா உதட்டைக் குவித்துச் சத்தம் கொடுத்தார், டீ ஏறி வந்தது, கலந்தார், அடித்தார். நான் அடுப்படியில் ஞாயிற்றுக்கிழமைக்கான முறுக்கில் மும்முரமாக இருந்தேன். வெளியே ஒரே மழை மூட்டம், வீட்டில் கரண்ட் இல்லை. சனிக்கிழமை மத்தியானம் மழை கொஞ்சம் விட்டு வெளிச்சம் உள்ளே வந்தது. ஹாலுக்கு வந்து பார்த்தேன். கையில் இருந்த முறுக்கு கீழே விழுந்தது.

ஜன்னல் பக்கத்துப் பாதி சந்தன வெளுப்பு. உள்பக்கத்துப் பாதி நல்ல செம்பழுப்பு. நடுவில் கத்தியால் வெட்டின மாதிரி ஒரு கோடு.

“காக்கா! என்ன காக்கா இது?”

“காயட்டும் தங்கச்சி, ஒண்ணாயிரும்.”

“எப்டிக் காக்கா ஒண்ணாகும்? கண்ணு அவிஞ்சா போச்சு? அடிக்கும்போது பக்கத்துல இருக்கற சுவத்தைப் பாக்க மாட்டீங்களா?”

“ஈரச் சுவரு பொய் சொல்லும்மா. அதை நம்பி ஒருத்தன் கலக்குவானா? டீ பொய் சொல்லாது. டீயைப் பாத்துத்தான் கலந்தேன்.”

நான் கயிற்றை அறுக்காத குறையாக இழுத்து ஒரு பொசெய்ன் வரவழைத்தேன். கப்பைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அது அசல் ச்சாசெய்ன் நிறத்தில் இருந்தது. கீழே போய் விசாரித்தால், பாலைக் குறைக்கச் சொன்ன ஊ மியாவோடு கோ பியூ சண்டை போட்டு, வடிகட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வியாழக்கிழமையே ஊரின் வடகோடி இன்சீனுக்குப் போய்விட்டாராம். புதிதாக வந்தவருக்குச் சாயத்தில் கை கனம். அவர் ஊரில் பொசெய்னே இந்த நிறம்தானாம்.

அன்றைக்கு நான் பேசின பேச்சையெல்லாம் பத்திரிகையில் போட முடியாது. ஆனாதே எல்லாம் ஆற்றோடு போய்விட்டது. “உங்களுக்கு டீதானே முக்கியம்? என் தம்பி வாழ்க்கை நாசமாப் போனா என்ன? நாளைக்கு வந்து பாத்துட்டு அவ சிரிச்சிட்டுப் போவா!” என்று கத்தினேன். சேகர் சுவரைப் பார்த்தபடி விசிறியோடு நின்றிருந்தான். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. காக்காவும் பார்த்தார். வாழ்நாளிலேயே முதல்முறையாகக் காயட்டும் என்று சொல்லாமல், ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு, மழையில் இறங்கிப் போனார்.

இன்சீனுக்குப் போகும் சுற்று ரயிலில் அவர் ஏறியதை டோ ஸானின் மருமகன் பார்த்திருக்கிறான். சாயங்காலம் வரவில்லை. விடிந்தும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மல்லிகாவும் அவள் அம்மாவும்தான் வந்தார்கள்.

சேகர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு நிறமும் சேரும் கோட்டின் மேல் முதுகைச் சாய்த்து, விறைப்பாக நின்றான். ஒல்லியான உடம்பு, அதை வைத்து ஒரு சுவரை மறைக்கப் பார்த்தான். “உக்காருங்க” என்று மல்லிகாவின் அம்மா சொன்னார். தலையை ஆட்டினான், உட்காரவில்லை. நான் முறுக்குத் தட்டை நீட்டி அவர்கள் முகம் ஜன்னல் பக்கமே திரும்பி இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

அப்போது மரப்படி அதிர்ந்தது. சொட்டச் சொட்ட நனைந்த காக்கா உள்ளே வந்தார். பின்னாலேயே, தோளில் வடிகட்டித் துணியோடு கோ பியூ. இரண்டு பேரும் விருந்தாளிகளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேராக என் அடுப்படிக்குள் போனார்கள்.

“யாரு இவங்க?” என்றார் மல்லிகாவின் அம்மா.

“டீ போட வந்திருக்காங்க.”

“டீ போட ரெண்டு ஆளா?”

“எங்க வீட்டுல அப்டித்தான்” என்றேன். வேறு என்ன சொல்ல?

கோ பியூ கைப்பட ஆற்றிய பொசெய்ன் வந்தது. காக்கா கப்பைத் தட்டில் ஏந்தி மரியாதையாகத்தான் கொண்டுவந்தார். ஆனால் பழக்கம் விடுமா? விருந்தாளிக்குக் கொடுப்பதற்கு முன் அதைத் தூக்கிச் சுவரோடு பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, ஜன்னல் பக்கம் ஒரு பார்வை, உள்பக்கம் ஒரு பார்வை பார்த்தார். எல்லார் கண்ணும் அவரோடு சேர்ந்து போனது. போயே போச்சு.

“ஏன் இது பாதிப் பாதியா இருக்கு?” என்றாள் மல்லிகா.

சேகரின் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. காக்கா கப்பை அவள் கையில் கொடுத்தார். ஒரு கனைப்புக் கனைத்தார்.

“டீச்சர் எப்பவும் என்ன டீ குடிப்பீங்க?”

“பொசெய்ன்.”

“நம்ம சேகரு குடிக்கிறது ச்சாசெய்ன். ஒரே டீ குடிக்கிற புருஷன் பொண்டாட்டிய நான் இந்த ஊருல பாத்ததே இல்ல டீச்சர். நாளைக்கு ரெண்டு பேருக்கும் நடுவுல சண்டை வரக்கூடாது பாருங்க, அதான் ஆளுக்கொரு பாதி அடிச்சேன்.”

சத்தியமாகச் சொல்கிறேன், இப்படி ஒரு புளுகை அத்தனை பக்தியோடு சொல்லி நான் கேட்டதில்லை. மல்லிகா கண்ணாடி வழியாக அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நல்லாச் சொன்னீங்க. வீட்டுப் பாடத்தை மாடு தின்னுருச்சுன்னு சொல்ற பசங்க என் கிளாஸ்ல இருக்காங்க. அவங்ககூட இவ்வளவு அழகாச் சொல்ல மாட்டாங்க.”

காக்காவின் தோள் தொய்ந்துவிட்டது. “தப்புத்தான் டீச்சர்” என்றார். “டீ மாறிப்போச்சு, நான் கவனிக்கல. என்னைய என்ன வேணாலும் பேசுங்க. சேகரு மேல ஒரு தப்பும் இல்ல. உங்க நோட்டுக்கு வெளிச்சம் வேணும்னு தெனமும் ஆபீஸ் போறதுக்கு முன்னால நின்னு இந்தச் சுவத்துக்கு விசிறினது அந்தப் புள்ளதான்.”

“சுவத்துக்கா? விசிறினாரா?”

“விசிறியாலதான். கை மாத்தி, கை மாத்தி.”

மல்லிகா முதல்முறையாகச் சேகரை நேராகப் பார்த்தாள். அவனுக்கு வெட்கம் தாங்கவில்லை. சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவ்வளவுதான், காயாத சுவரில் அத்தனை நேரம் சாய்ந்திருந்த முதுகு எங்களுக்குத் தெரிந்தது. வெள்ளைச் சட்டையின் ஒரு பாதி பொசெய்ன், மறு பாதி ச்சாசெய்ன். நடுவில் முதுகெலும்பு நெடுக நேராக ஒரு கோடு. மல்லிகா வாயைப் பொத்தினாள், அடக்கினாள், அடங்கவில்லை. கண்ணாடி கழன்று மடியில் விழும் அளவுக்குச் சிரித்தாள். அவள் அம்மா சிரித்தார், அடுப்படி வாசலில் கோ பியூ வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நானும் சிரித்தேன், கூடவே அழுகையும் வந்தது.

சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் மெதுவாகக் கேட்டாள். “நெசமாவே விசிறினீங்களா?”

சேகர் திரும்பினான். “காயணுமே” என்றான்.

மல்லிகா மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்தாள். “அம்மா, ஐப்பசியில வெச்சுக்கலாம்” என்றாள். “மழை விடட்டும். சுவரும் காயட்டும்.”

அந்த வார்த்தையைத் தன் வாயால் அவள் சொன்னதும் காக்கா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுப் புறாக்கள் பறந்தன. கீழே ஊ மியா அன்றைக்கே கோ பியூவின் கையைப் பிடித்து மறுபடி அடுப்பு முன்னால் நிறுத்திவிட்டார். ச்சாசெய்ன் பாதியை மாற்றி அடித்துத் தருகிறேன் என்று காக்கா எவ்வளவோ கெஞ்சினார், மல்லிகா தொடவிடவில்லை. ஜன்னல் பக்கத்து வெளுப்புக்குக் கீழே மேஜை போட்டு அவள் நோட்டுத் திருத்துகிறாள். உள்பக்கத்துப் பழுப்புக்குக் கீழே சேகர் ச்சாசெய்ன் குடிக்கிறான். இப்போதெல்லாம் கொஞ்சம் பேசுகிறான் என்றும் சொல்ல வேண்டும்.

கல்யாணம் முடிந்த பிறகும் காக்கா தினமும் வந்தார். கட்டைவிரலால் சுவரைத் தொடுவார், “காயட்டும்” என்பார், டீ சொல்லி உட்கார்ந்துவிடுவார். கடைசித் தூறலும் நின்றது. பனிக்காலம் வந்தது. சுவர் முறுக்கு மாதிரி காய்ந்துவிட்டது எங்களுக்கே தெரிந்தது. ஒரு நாள் அவர் நெடுநேரம் சுவரைத் தடவிப் பார்த்தார். முகம் சின்னதாகிப் போனது.

“காஞ்சிருச்சு தங்கச்சி” என்றார். பாதி டீயைக் கீழே வைத்துவிட்டு ஏணியை எடுத்தார். சலாம் சொல்லப் போகிறார் என்று தெரிந்துவிட்டது. கரித்துக் கொட்டினவள்தான் நான். இருந்தாலும் அந்த ஏணி இல்லாத ஹாலை நினைத்தே பார்க்க முடியவில்லை.

மல்லிகா நோட்டிலிருந்து தலை நிமிராமலே, “அந்த மூலையைத் தொட்டீங்களா காக்கா?” என்றாள்.

“எந்த மூலை?”

“அதோ, அலமாரிக்குப் பின்னால.”

காக்கா போய்த் தொட்டார். எலும்பாகக் காய்ந்திருந்தது. அவளைப் பார்த்தார். அவள் சிவப்பு மையில் ஏதோ திருத்திக்கொண்டிருந்தாள்.

“ஆமா டீச்சர்” என்றார் மெல்ல. “அந்த மூலை காயல.” ஏணியைச் சாத்திவிட்டு மிச்ச டீயைக் குடிக்க உட்கார்ந்தார்.

இப்போது அவருக்கு முட்டி வலி, படியேற முடிவதில்லை. ஆற்றுக்கு அப்பால் கியாக்தானில் மகள் வீட்டோடு போய்விட்டார். அந்தக் கைலியும் அவரோடு போயிருக்கிறது. மகள் துவைக்கப் பார்த்தாள், அதற்கு ஒரு சண்டை நடந்ததாம். வாரம் தவறாமல் போன் வரும். உடம்பு எப்படி என்று கேட்டால் பதில் சொல்லமாட்டார். எடுத்த எடுப்பில் அவர்தான் கேட்பார்.

“தங்கச்சி, அந்த மூலை காஞ்சிருச்சா?”

நான் அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறேன். அங்கே பெயின்ட் பொருக்குத் தட்டி உதிர ஆரம்பித்திருக்கிறது.

“இல்ல காக்கா, இன்னும் ஈரமாத்தான் இருக்கு. கோ பியூ கிட்ட ஒரு பொசெய்ன் சொல்லி வெக்கிறேன். ஒரு நடை வந்து தொட்டுப் பாத்துட்டுப் போங்க.”